எங்கள் தெருவைத் தவிர

முட்டுவலித் தைலத்தையும் சர்க்கரை மாத்திரையையும் வேதப் புத்தகத்தோடு ஒரே பைக்குள் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வரும் என் வயதுக்காரர்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். இளையவர்களிடம் சொன்னால், "விடுங்கம்மா, எந்தக் காலத்துக் கதை" என்பார்கள். என் மகன் ஏற்கெனவே சொல்லிவிட்டான். நீங்கள் அப்படிச் சொல்ல மாட்டீர்கள். ஞாயிறு பள்ளியில் பாயில் முன்வரிசையாகப் பார்த்து உட்கார்ந்து, சொன்னதையெல்லாம் அப்படியே நம்பிய கூட்டம் நாம். அதனால் உங்களுக்குப் புரியும்.

நான் நாலாம் வகுப்பு முடித்திருந்த கோடை அது. ராஜபாளையத்தில் தெலுங்கு பேசும் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். ஒரு அறை, ஒரு அடுப்படி, பெரிய வீட்டோடு பொதுவாக ஒரு கிணறு. அந்த வீடு கிடைக்கும் முன் அப்பா ஊரெல்லாம் அலைந்திருக்கிறார். கிறிஸ்தவர்கள் என்று தெரிந்ததும், "வேதக்காரவங்களுக்கு வீடு இல்ல" என்று பல வாசலில் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள். அம்மா அதைச் சொல்லும்போதெல்லாம் குரல் இறங்கிவிடும். கடைசியில் இந்த வீட்டுக்காரர்தான், "மில்லுலயா வேல? குடிக்க மாட்டேல்ல? சரி, வந்து இருந்துக்கோ" என்று சாவியைக் கொடுத்தாராம். வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அப்பா மில்லில் நூல் ஓட்டுகிற பிரிவில் இருந்தார். சங்கு ஊதி ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வரும்போது புருவத்திலும் காதுமடலிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். கிணற்றடியில் குளித்துவிட்டு, வெள்ளை ஜிப்பா போட்டுக்கொண்டு, சைக்கிள் ஹாண்டிலில் தகரக் குழாயைத் தொங்கவிட்டுக் கிளம்பிவிடுவார். மைக் செட்டுக்கு வசதியில்லாத காலம். தகரக் கடையில் சொல்லிச் செய்த கூம்புக் குழாய் அது. நீலப் பெயிண்ட் அடித்திருக்கும். வாய் வைக்கிற இடத்தில் பெயிண்ட் உதிர்ந்து துருவேறிவிட்டதால், பேசி முடித்த பிறகு அப்பாவின் உதட்டைச் சுற்றிச் செம்மண் பூசினது மாதிரி இருக்கும். வீட்டில் அப்பா மெதுவாகத்தான் பேசுவார். குழாய்க்குள் போனதும் அந்தக் குரலுக்கு ஒரு தைரியம் வந்துவிடும். அந்தக் குரல்தான் என் அப்பா என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் கேரியரில் நான். மடியில் கஞ்சிரா. அப்பா ஒரு பாட்டுப் பாடி, நான் கஞ்சிராவைத் தட்டிக் கூட்டம் சேர்க்க வேண்டும். பிறகு அப்பா குழாயை எடுத்துப் பிரசங்கம் பண்ணுவார். மகாராஜபுரம், கான்சாபுரம், ஆலங்குளத்தில் ஆலை விட்டு ஆட்கள் வெளியே வருகிற வழி என்று போகாத இடம் கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிதான் அவருக்கு ரொம்பப் பிடித்த இடம். சுற்றி நின்று கேலி பேசுவார்கள். சிலசமயம் மண்ணை அள்ளிப் போடுவார்கள். அப்பா அசர மாட்டார். "இப்போ நீ செத்துப்போனா எங்க போவ? யோசிச்சியா?" என்று குழாயை ஒவ்வொரு முகமாகத் திருப்புவார். திரும்பி வரும் வழியில் எனக்குக் கொஞ்சம் பால்கோவா வாங்கித் தருவார். மந்தார இலையில் சூடு இன்னும் இருக்கும். அதை நக்கிக்கொண்டே அப்பாவின் முதுகில் சாய்ந்து வருகிற பெருமை இருக்கிறதே, அது எந்தப் பிள்ளைக்கும் கிடைத்திருக்காது.

எல்லா ஊருக்கும் போனவர் எங்கள் தெருவில் மட்டும் குழாயை எடுத்ததில்லை. தெருமுனை வரைக்கும் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடித்தான் கொண்டுபோவார். ஒருநாள் கேட்டேன்.

"நம்ம தெருவுல எப்பப்பா பேசுவீங்க?"

"கர்த்தர் காட்டுற அன்னைக்கிப் பேசுவோம்ட்டி" என்றார். நானும் கர்த்தர் எப்போது காட்டுவார் என்று காத்திருந்தேன்.

அந்த மே மாதம் கோயிலில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடந்தது. ஞாபகம் இருக்கிறதா? தண்ணீர் கூடிப்போன சர்பத்தும் ஆளுக்கு ரெண்டு பிஸ்கட்டும் தந்து நம்மை மத்தியானம் வரை கட்டிப்போடுவார்களே, அதுதான். எங்களுக்குச் சொல்லித்தர தெற்கே நாசரேத் ஊர்ப் பக்கமிருந்து ஒரு டீச்சர் அக்கா வந்திருந்தார். ஃப்ளானல் துணி கட்டிய பலகையில் மேய்ப்பன், வேலி, ஆட்டுக்குட்டி என்று ஒவ்வொன்றாக ஒட்டிக் கதை சொல்வார். நற்செய்தியை முதலில் எருசலேமில் போய்ச் சொல்லுங்கள், பிறகுதான் மற்ற நாடுகள் என்று ஆண்டவர் சொன்ன பகுதி வந்தது.

"நம்ம எருசலேம் எது, சொல்லுங்க பாப்போம்?" என்று கேட்டார்.

ஒருத்தி "மதுரையா அக்கா?" என்றாள்.

"இல்ல. நீ குடியிருக்கிற தெருதான் உன் எருசலேம். அதை விட்டுட்டு வேற எங்க போய்ச் சொன்னாலும் கணக்குல சேராது."

அப்பா எங்கேயோ தப்பு விட்டிருக்கிறார் என்று முதல் தடவையாகத் தோன்றியது. ஆனால் அப்பாவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அப்பாவுக்கு நேரமில்லை, அவருக்காக எருசலேமை நான் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். ஒன்பது வயசு. சரியான அதிகப்பிரசங்கி!

தெருவில் எனக்குத் தெரிந்த ஒரே பெரிய மனுஷி வீட்டுக்காரரின் மனைவி. நாங்கள் வீட்டுக்காரம்மா என்போம். அம்மாவைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். வயிற்றில் கட்டி என்று அந்தக் கோடை முழுக்கப் படுக்கையில் இருந்தார். மதுரைக்குக் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கட்டிலுக்குக் கீழே அவர்கள் வீட்டு வெள்ளை நாய் எந்நேரமும் படுத்துக் கிடக்கும். வெளியாள் வேறு யாரையும் அறைக்குள் விடாமல் உறுமும். என்னை மட்டும் விடும். அவர்கள் தோப்பிலிருந்து வந்த சப்பட்டை மாம்பழம் அறையின் மூலையில் வைக்கோலுக்குள் பழுத்துக்கொண்டிருக்கும். மருந்து வாசனையும் மாம்பழ வாசனையும் கலந்து அடிக்கும். இன்றைக்கும் சப்பட்டையை முகர்ந்தால் எனக்கு மருந்து வாசனையும் சேர்ந்தே வருகிறது.

"இக்கட ரா பாப்பா" என்று கட்டில் ஓரத்தைத் தட்டிக் காட்டுவார். உட்காருவேன். பழத்தை எடுத்துக்கொள்ளச் சொல்வார். அவர் தின்ன முடியாது. நான் தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

டீச்சர் அக்கா எனக்குக் கொடுத்திருந்த ஃப்ளானல் ஆட்டுக்குட்டியை எடுத்துக்கொண்டு ஒரு மத்தியானம் அங்கே போனேன். காணாமல்போன ஆடு, அதைத் தேடிப்போன மேய்ப்பன் என்று மூச்சுவிடாமல் முழுக்கதையும் சொன்னேன். அந்த வெயிலிலும் குளிருகிறது என்று அவர் போர்த்தியிருந்த கம்பளியில் ஆட்டுக்குட்டி பலகையில் ஒட்டுகிற மாதிரியே ஒட்டிக்கொண்டது. அது இருவருக்குமே ஆச்சரியமாகப் போயிற்று. வீட்டுக்காரம்மா சிரித்தார். சிரித்தால் வயிறு வலிக்கும், கையை வைத்து அழுத்திக்கொண்டு சிரித்தார்.

"அந்த ஒத்த ஆட்டுக்காகவா அம்புட்டுத் தூரம் போனாரு?"

"ஆமா. நீங்க கூப்பிட்டாலும் வருவாரு."

"என்னன்னு கூப்பிடணும்?"

ஒரு சின்ன ஜெபம் சொல்லிக்கொடுத்தேன். பயத்தை எடுத்துப்போடும் ஆண்டவரே, என் கூட இரும் என்று. அவர் ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நான் எழுந்தபோது என் கையைப் பிடித்தார்.

"பாப்பா, தமிழ்ல சொன்னா வாய்தான் சொல்லுது. வலி வாரப்ப எனக்குத் தெலுங்குலதான் வருது. உங்க யேசு தெலுங்குல கூப்பிட்டாக் கேப்பாரா?"

எங்கள் கோயிலில் தெலுங்கு கிடையாது. "அப்பாட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றேன். "மறந்துறாத" என்றார்.

சாயங்காலம் அப்பா குளித்து முடிக்கும்வரை கிணற்றடியிலேயே நின்றேன். கேட்டதும் அப்பாவுக்கு ஒரே சிரிப்பு.

"எல்லாப் பாஷையும் அவரு உண்டாக்குனதுதானட்டி! தெலுங்குல கூப்பிட்டா என்ன, வாயே திறக்காமக் கூப்பிட்டாலும் அவருக்குக் கேக்கும். நல்ல கேள்வி. யாரு கேட்டா?"

"நம்ம வீட்டுக்காரம்மா."

அப்பா துவட்டிக்கொண்டிருந்த துண்டு தலைமேலேயே நின்றுவிட்டது. பெரிய வீட்டுச் சன்னலைப் பார்த்தார். என்னை இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

"அவுககிட்ட என்ன சொன்ன?"

சொன்னேன். நல்ல பெயர் கிடைக்கப் போகிறது என்றுதான் சொன்னேன். எருசலேமைப் பற்றியும் சொன்னேன்.

"இனிமே அந்தப் பக்கம் காலெடுத்து வைக்கக் கூடாது" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். "நம்மள வெளிய போகச் சொல்லிட்டா எங்கட்டி போவோம்?"

அடுத்த நாள் வீட்டுக்காரரே எங்கள் வாசலுக்கு வந்தார். அவர் பின்கட்டுக்கு வருவதே அபூர்வம். சட்டைகூடப் போடவில்லை, தோளில் ஒரு துண்டு மட்டும். கையில் ஒன்றும் கிடையாது. இதை நீங்கள் நன்றாக ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"ஏப்பா, உன் மக எங்க வீட்டுல என்னமோ சாமி கும்பிடச் சொல்லிக் கொடுத்துச்சாமே, அது என்ன வெவரம்?" என்று கேட்டார்.

அப்பா அவர் முடிக்கும் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார்.

"ஐயா, மன்னிச்சிருங்க. எங்க வீட்டுல அப்படியெல்லாம் பேசுறதே கிடையாது. நாங்க உண்டு எங்க ஜெபம் உண்டுன்னு இருக்கிற ஆளுக. யார்ட்டயும் போய்ச் சொல்ற பழக்கமே இல்லய்யா. இது எங்கயோ கேட்டுட்டு வந்து உளறியிருக்கு."

சொல்லிக்கொண்டே திரும்பி என் கன்னத்தில் ஒன்று விட்டார். எனக்கு வலித்ததாக ஞாபகம் இல்லை. சுவரில் ஆணியில் தொங்கிய தகரக் குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். யார்ட்டயும் போய்ச் சொல்ற பழக்கமே இல்லய்யா.

வீட்டுக்காரர் ஒருமாதிரி விழித்தார். "ஏய், ஏய், புள்ளைய எதுக்குப்பா அடிக்க? நான் என்ன கேக்க வந்தேன்..." என்றவர் முடிக்கவில்லை. அப்பாவின் கும்பிட்ட கையைப் பார்த்துவிட்டு, "சரி, விடு" என்று போய்விட்டார். எத்தனையோ வருஷம் கழித்துத்தான் எனக்கு அந்த முகம் பிடிபட்டது. அது கோபத்தோடு வந்தவர் முகம் இல்லை. மனைவி கேட்டு அனுப்பியிருக்க வேண்டும். உன் மகளை வரச் சொல், இல்லை நீயே வந்து ஒரு ஜெபம் பண்ணு என்று கேட்க வந்த மனுஷன் அவர். அப்பா அவரைக் கேட்கவே விடவில்லை.

அதோடு முடிந்திருந்தால்கூட நான் மறந்திருப்பேனோ என்னவோ. சில நாள் கழித்து அவர்கள் வீட்டில் வேலை செய்கிற அக்கா வந்தாள்.

"புள்ளைய செத்த நேரம் அனுப்புவீகளாம். என்னமோ கேட்டுட்டு வந்து சொல்றேன்னு சொல்லுச்சாம். அம்மா அதையே சொல்லிக்கிட்டுக் கெடக்காவ."

எனக்குப் பதில் தெரியும். வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து பாய்ந்து வெளியே வந்தேன். அப்பா வாசலை மறித்து நின்றபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்.

"புள்ளைக்கு நல்ல காய்ச்சல்மா. படுத்திருக்கா."

அம்மா என்னைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். அழுகை வராமல் இருக்க என் வாயைப் பொத்தினார். அந்தக் கையில் வெங்காய வாசனை.

கொஞ்ச நேரத்தில் அந்த அக்கா திரும்பவும் வந்தாள். கையில் சின்னப் பித்தளைத் தூக்கு. காய்ச்சல் பிள்ளைக்கு என்று வீட்டுக்காரம்மா மிளகு ரசம் வைக்கச் சொல்லி அனுப்பியிருந்தார். தூக்கைத் திரும்பக் கொண்டுபோக வேண்டும் என்று அவள் வாசலிலேயே நின்றாள். அப்பா ரசத்தைத் தம்ளரில் ஊற்றி என் முன்னால் வைத்து, "குடி" என்றார். குடித்தேன். தொண்டையெல்லாம் எரிந்தது. எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறவர், காய்ச்சலே இல்லாத எனக்கு மிளகு எவ்வளவு போட வேண்டும் என்று சொல்லியனுப்பிய ரசம் அது. தம்ளர் காலியாகும்வரை அப்பா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிப்பைப் பற்றி நீங்கள் எனக்கு வசனம் அனுப்ப வேண்டாம், எல்லாம் மனப்பாடம்.

அதே வாரம் வீட்டுக்காரம்மா இறந்துபோனார். அப்பா மற்ற ஆண்களோடு தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு தெருவில் நின்றார். கண்கூடக் கலங்கியிருந்தது. நல்லவர்தான், இல்லையென்று சொல்லவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே சைக்கிளை எடுத்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடி. நான் கஞ்சிராவோடு பின்னால்.

அன்று நல்ல கூட்டம். மனுஷருக்குப் பயந்து ஆண்டவரை மறுதலிக்கிறவனைப் பற்றி அப்பா பேசினார். இயேசுவைத் தெரியவே தெரியாது என்று சாதித்த சீஷன், சேவல் கூவியதும் வெளியே போய் மனங்கசந்து அழுததைச் சொன்னபோது கூட்டத்தில் ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அப்பாவின் குரல் உடையவே இல்லை. பாட்டு ஆரம்பித்ததும் என்னைப் பார்த்தார். நான் கஞ்சிராவைத் தட்டவில்லை. "கை வலிக்குதாட்டி?" என்றார். தலையாட்டினேன். தேரின் பெரிய சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே, வீட்டுக்காரம்மா இப்போது எங்கே போயிருப்பார் என்று யோசித்தேன். அப்பா குழாயில் சொல்கிறபடி பார்த்தால், நரகத்துக்குத்தான் போயிருக்க வேண்டும். பதிலை வாயில் வைத்துக்கொண்டு, அவர் சாகும்வரை நான் பின்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு பல வருஷம் அந்த நினைப்பில் தூக்கம் கெட்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து இன்றுவரை ஒரு ஆளிடம்கூட நான் இயேசுவைப் பற்றி வாய் திறந்ததில்லை. விசுவாசம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அது என்னோடு இருக்கிறது. அதை எடுத்து அடுத்தவர் கையில் கொடுக்கப் போகும்போதெல்லாம் கன்னம் சுடுகிறது.

இனிமேல்தான் விஷயம். எனக்குக் கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து, கோயிலில் எல்லாருக்கும் விருந்து போடுகிற அசனப் பண்டிகை ஒன்றில், ஆண்டவர் தன் வாழ்க்கையில் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல அப்பா எழுந்தார். சாட்சி நேரம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். முதலில் சொன்னவரைவிட அடுத்தவர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். அப்பா எங்கள் வீட்டுக்காரம்மாவின் கதையை எடுத்தார். சின்ன மகளை அனுப்பி நற்செய்தி சொல்ல வைத்தாராம். வீட்டுக்காரர் கம்போடு வந்து நின்றாராம். "வீட்ட விட்டு வேணா போறேன், என் ஆண்டவர விட மாட்டேன்" என்று அப்பா சொன்னாராம். அந்த அம்மாள் ஆண்டவரை ஏற்றுக்கொண்டு, சிரித்த முகத்தோடு கண்ணை மூடினாராம். சபையே அல்லேலூயா என்றது. எனக்குக் காதுக்குள் சங்கு ஊதினது மாதிரி இருந்தது. பக்கத்தில் அம்மா மடியிலிருந்த பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தபடி இருந்தார்.

அதற்குப் பிறகு அந்தச் சாட்சி ஊர் ஊராகப் போயிற்று. போகப் போகக் கம்பு அரிவாளாயிற்று. நாய்கூட வந்து கடித்தது. அந்த நாயைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். நடந்தது தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். வயசானால் மனசு தனக்குப் பிடித்த மாதிரி ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டு, அதுதான் நடந்தது என்று நம்பிவிடும் என்பார்களே, அப்பாவுக்கும் அப்படித்தான் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நம்பித்தானே சொல்கிறார் என்று பாதிக் கோபத்தை அதற்காகவே விட்டுக்கொடுத்திருந்தேன்.

போன மாதம் அப்பாவுக்குத் தொண்ணூறு முடிந்ததற்கு, ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் வைத்தோம். பாதிரி ஐயர் வந்திருந்தார். புதிதாக நற்செய்தி ஊழியத்துக்குப் போகிற இளைஞர்கள் சிலரும் வந்திருந்தார்கள். "தாத்தா, அந்தச் சாட்சியச் சொல்லுங்க" என்று அவர்கள்தான் கேட்டார்கள். அப்பா சொன்னார். குரல் இப்போது கம்மிவிட்டது, ஆனால் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. ஒரு பையன் அழுதே விட்டான். முடிவில் அப்பா என்னைக் காட்டி, "இந்தா, எம் மகதான் அதுக்குச் சாட்சி" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பாயசம் அடிப்பிடிக்கிறது என்று சொல்லிவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

சாப்பிட்டுவிட்டு எல்லாரும் கிளம்பிய பிறகு அப்பா சாய்வு நாற்காலியில் கிடந்தார். எதிரே போய் நின்றேன்.

"அப்பா, வீட்டுக்காரரு எப்பப்பா அருவாளத் தூக்கிட்டு வந்தாரு?"

அப்பா என்னைப் பார்த்தார். குழம்பிப் பார்க்கவில்லை. நல்ல தெளிவாகப் பார்த்தார்.

"ஒனக்கு ஞாபகம் இருக்காக்கும்?"

"இருக்கு. உங்களுக்கு?"

"இல்லாம என்ன? எல்லாம் இருக்கு. ஒன்ன அடிச்சது, ரசம் குடிக்க வச்சது, எல்லாம்." கையைத் தூக்கிக் காற்றில் எதையோ தள்ளினார். "நடந்ததச் சொன்னா யாருக்கும்மா பிரயோசனம்? இதக் கேட்டு எம்புட்டுப் பேரு ஊழியத்துக்கு வந்துருக்காவ. இப்பக்கூட அந்தப் பய அழுதான், பாத்தேல்ல?"

மறந்துவிட்டார் என்று நினைத்து நான் விட்டுக்கொடுத்த வருஷங்களெல்லாம் வீண். அவர் ஒன்றையும் மறக்கவில்லை. ஒவ்வொரு மேடையிலும், ரசத்தை ஞாபகம் வைத்துக்கொண்டேதான் அரிவாளைச் சொல்லியிருக்கிறார்.

"அப்ப அந்தம்மா இப்ப எங்கப்பா இருக்காவ?" என்று கேட்டேன்.

கான்சாபுரத்திலும் மகாராஜபுரத்திலும் தேரடியிலும் முன்னே பின்னே தெரியாத மனுஷர் எல்லாரிடமும் அந்தக் கேள்வியை அவரே கேட்டு, அவரே பதிலும் சொன்னவர். யோசித்து நின்றதே கிடையாது. மூடிக்கொண்டார். இப்போது வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"கதவச் சாத்திட்டுப் போம்மா. வெயில் மொகத்துல அடிக்கி" என்றார்.

நான் கதவைச் சாத்தவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டேன்.